தவிர்க்க வேண்டிய ஊரில் ஒரு கதவு

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

எலி எழுதுகிறேன். அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். முழங்காலும் அம்மா சொல்கிற அளவுக்கு மோசமில்லை என்கிறார் டாக்டர். உன் இருமல் எப்படி இருக்கிறது? ஆலையில் பெல்ட் அறுந்துபோய் சாப்பிடுகிற நேரத்தில் உன்னைக் கூப்பிடுவது குறைந்ததா? குட்டிப்பெண் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா?

ஒரு சேதி. என் வேலைதான் உனக்குத் தெரியுமே, மற்றவர்கள் ஊர் சுற்றிவிட்டு எழுதுவதை நான் நாற்காலியில் உட்கார்ந்து சரிபார்ப்பேன். சின்ன வயதில் காகிதத்தைக் கடித்துத் தின்றேன் என்று எலி என்று பேர் வைத்தாய். கடைசியில் அதுவே பிழைப்பாகிவிட்டது. இந்த முறை ஆசிரியர் என்னை நாற்காலியிலிருந்து கிளப்பிவிட்டார். எங்கள் பயணக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ‘தவிர்க்க வேண்டிய ஊர்கள்’ என்று ஒரு பகுதி உண்டு. அதை யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள் என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பதிப்புக்குப் பதிப்பு அப்படியே தூக்கிப் போட்டு வந்திருக்கிறோம். “நேர்ல போய்ப் பாரு. இருக்கிறதைத்தான் எழுதியிருக்காங்களா, எவனாவது வயித்தெரிச்சல்ல எழுதினதான்னு வரி வரியா சோதிச்சிட்டு வா” என்கிறார்.

எனக்கு மூன்று ஊர்கள். முதலாவது தறி ஊர். இரண்டாவது ஒரு துறைமுகம். மூன்றாவது உன் ஊர்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன் வீட்டு வாசல்வரை போய் அவள் திரும்பிவந்து ஒன்பது வருஷம் ஆகப்போகிறது. அதற்கப்புறம் நீயும் அவளும் ஒரு வார்த்தை பேசவில்லை. போன் செய்தால் அவள் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறாள் என்று நீ என் அலுவலகத்துக்குக் கடிதம் போடுகிறாய். நான் அதை மதிய இடைவேளையில் திருட்டுத்தனமாகப் படிக்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது அண்ணா. உங்கள் இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். இந்த வேலைக்கு நான் தலையாட்டியதே அதற்காகத்தான்.

வெந்நீர் குடி. குட்டிப்பெண்ணுக்கு முத்தம்.

எலி


பிப்ரவரி 3

அன்புள்ள எலிக்கு,

இங்கே மூவரும் நலம். இருமல் என்னை விட்டுப் பிரிய மனமில்லாமல் இருக்கிறது, நானும் வற்புறுத்தவில்லை. அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நீ பார்க்காதபோது ஜன்னல் வழியாக எறிந்துவிடுவாள், ஜாக்கிரதை. ஜன்னலுக்குக் கீழே போய்ப் பார்.

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். “அத்தைக்கு ஊர் சுத்துறதுக்குச் சம்பளம் குடுப்பாங்களா?” என்று குட்டிப்பெண் வாயைப் பிளந்தாள். கெட்ட ஊர்களை மட்டும்தான் சுற்ற வேண்டும் என்றதும் அவளுக்கு இன்னும் பிடித்துப்போய்விட்டது. பெரியவளானதும் அவளுக்கும் இதே வேலைதான் வேண்டுமாம்.

தறி ஊருக்குப் போகும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள். துறைமுகத்தில் படுக்கையை உதறிவிட்டுப் படு.

அண்ணி உன்னை மிகவும் விசாரித்தாள்.

அண்ணன்


மார்ச் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

தறி ஊரிலிருந்து எழுதுகிறேன். தொண்டை கட்டியதைத் தவிர நலம். நீயும் குட்டிப்பெண்ணும் நலமா?

‘இவ்வூர் மக்கள் வந்தவர்களிடம் எரிந்து விழுவார்கள், மரியாதை எதிர்பார்க்க வேண்டாம்’ என்பது கையேட்டின் வரி. பஸ்ஸிலிருந்து காலைக் கீழே வைத்ததுமே ஒருவர், “எங்க போவணும்!” என்று பாய்ந்தார். ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று பயந்து விடுதியின் பேரைச் சொன்னேன். “பைய இங்க குடு!” என்று பிடுங்கினார். போச்சு, பை போச்சு என்று பின்னாலேயே ஓடினேன். மனுஷன் விடுதி வாசலில் பையை இறக்கி வைத்துவிட்டு, “பார்த்து ஏறு, படி வழுக்கும்!” என்று அதட்டிவிட்டுப் போய்விட்டார். விடுதிக்காரம்மா “சாப்டியா இல்லியா!” என்று கேட்டதில் எனக்குப் பசியே போய்விட்டது.

மறுநாள்தான் புரிந்தது. ஊரில் முக்கால்வாசிப்பேர் தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்க வேண்டுமானால் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். காலையிலிருந்து அப்படிக் கத்திப் பழகிய தொண்டை வீட்டுக்கு வந்ததும் எப்படி இறங்கும்? புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று மாடியில் கொஞ்சிக்கொண்டது தெருக்கோடிவரை கேட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வரி பொய்யில்லை அண்ணா. எழுதியவர் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறார். ஏன் என்று மட்டும் கேட்காமல் அடுத்த பஸ் ஏறிவிட்டார்.

எலி


மார்ச் 29

அன்புள்ள எலிக்கு,

நாங்கள் நலம். உன் தொண்டை சரியாகிவிட்டதா? அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா?

கொஞ்சுகிற ஜோடியைப் பற்றிப் படித்து இங்கே ஒரே சிரிப்பு. உன் அண்ணி சிரித்துச் சிரித்து அடுப்பில் வைத்த பாலைக் கோட்டைவிட்டாள்.

எங்களுக்குக் காற்று மாதம் பிறந்துவிட்டது. சுண்ணாம்புக்கல் மலையிலிருந்து வெள்ளைத் தூசு கிளம்பிவிட்டது. முன்கதவு இடுக்கிலெல்லாம் ஈரச் சாக்கைத் திணித்து முடித்தோம். இனி நாலு மாதத்துக்கு வாசலை மறந்துவிட வேண்டியதுதான். ஆலையில் பெல்ட் இரண்டு தடவை நின்றுவிட்டது, உருளைகளில் தூசு அப்பிக்கொள்கிறது.

எங்கள் ஊரைப் பற்றி உங்கள் புத்தகத்தில் இருப்பது இருந்துவிட்டுப் போகட்டும். யாரும் வரவில்லை என்று நாங்கள் யாரும் அழவில்லை. உன் ஆசிரியரிடம் சொல்லி எங்களை விட்டுவிடு.

அண்ணி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

அண்ணன்


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பெல்லாம் தடிப்பு. மற்றபடி நலம். துறைமுகத்தைப் பற்றிக் கையேடு எழுதியது கம்மி. ‘அழுக்கு, மூட்டைப்பூச்சி, ஏமாற்று’ என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். நான் அரைப் பக்கம் சேர்த்திருக்கிறேன். இங்கே காரணம் எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. சில ஊர்கள் கெட்ட பேரை நியாயமாகவே சம்பாதித்திருக்கின்றன. எல்லா ஊரும் தங்கமான ஊர் என்று எழுதிவிடுவேனோ என்று எனக்கே ஒரு பயம் இருந்தது. மூட்டைப்பூச்சி அதைப் போக்கிவிட்டது.

ஜூன் மாதம் உன் ஊர். விட்டுவிடச் சொன்னாய். விட மாட்டேன். உன் ஊரைப் பற்றி அச்சில் இருப்பதை இதோ எழுதுகிறேன்: ‘மூச்சுவிட முடியாத தூசு. தண்ணீர் வாயில் வைக்கத் தகாது. மக்கள் ஒட்டாதவர்கள், கதவைத் தட்டினாலும் திறப்பதில்லை.’

கடைசி வரியைப் பார்த்தாயா? வீட்டில் ஒன்பது வருஷமாக நான் கேட்கிற பாட்டும் இதுதான். அம்மா உன்னிடம் சொல்லாமல் திடீரென்று வந்து நிற்க ஆசைப்பட்டாள். பிறக்கப்போகிற குழந்தைக்கென்று தன் பழைய புடவைகளை அடுக்கித் தைத்த போர்வையோடு பஸ் ஏறினாள். அன்றைக்கே திரும்பிவந்துவிட்டாள், போர்வையோடு. “உள்ள இருந்துக்கிட்டே கதவைத் திறக்கல” என்றாள். அதை உனக்கு அப்போதே எழுதினேன். அவள் சொன்ன மற்றதை எழுதவில்லை. சிலது எழுதுகிற மாதிரி இல்லை, உனக்கு மனசு விட்டுப்போகும்.

அவள் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் போர்வை மேல்தட்டில் இருப்பதைப் பார்க்கிறேன். அவளுக்கு வயசாகிறது அண்ணா. இனி நீண்ட தூரம் பஸ்ஸில் உட்காரக் கால் எத்தனை நாள் இடம்கொடுக்கும் என்று தெரியவில்லை. அன்றைக்கு என்னதான் நடந்தது? ஒரே ஒரு தடவை எழுது.

எலி


மே 28

அண்ணா,

ஐந்து வாரமாகிறது. நலம்தானா? அலுவலகத்தில் தபால் பையன் என்னைப் பார்த்தாலே உதட்டைப் பிதுக்குகிறான். கோபமென்றால் கோபமென்று எழுது. ஒரு கார்டு போதும்.

எலி


ஜூன் 6

எலிக்கு,

எல்லோரும் நலம்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு அதை நான் சத்தமாகப் படிக்கவில்லை. இந்த வீட்டில் அதைப் படிக்க முடியாது.

என்ன நடந்தது என்று கேட்டாய். நான் அப்போது ஆலையில் இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது உன் அண்ணி அழுதுகொண்டிருந்தாள். எட்டு மாதம் அவளுக்கு. “அத்தை வந்தாங்க. கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னேன். உள்ள வராமலே போயிட்டாங்க” என்றாள். இதுதான் அவள் சொன்னது. ஒன்பது வருஷத்தில் அதிலிருந்து ஒரு எழுத்து மாறவில்லை. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்கு எத்தனையோ சங்கடம் மிச்சமாகியிருக்கும்.

அம்மாவும் பொய் சொல்கிறவள் இல்லை, அதுவும் தெரியும். அப்படியென்றால் நான் யாரைப் பொய்யாக்குவது? வாயை மூடிக்கொண்டேன். ஒருவரை நம்பினால் இன்னொருவரைக் குத்தின மாதிரி ஆகிறது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

வருவதானால் வா. ஆனால் துப்பறிய வராதே. புத்தகத்துக்காக வருகிறாய் என்றால் விடுதியில் தங்கிப் புத்தக வேலையை முடி. அப்புறம் தங்கச்சியாக வீட்டுக்கு வா.

அண்ணி உன்னை விசாரித்தாள்.

அண்ணன்


ஜூன் 21

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். மாத்திரை போட்டாயா? ஜன்னலுக்குக் கீழே நான் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன், அதனால் பொய் சொல்லாதே.

நான் எங்கே இருக்கிறேன் என்று உறையின் முத்திரையைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைத் தூக்கி எறிந்தாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம். அதனால் எழுதுகிறேன். முழுசாகப் படி.

முந்தாநாள் வந்தேன். தூசு என்று எழுதியிருந்தது, வாஸ்தவம். தெருவில் நடந்துவந்தவர்கள் எல்லாரும் மாவு மில்லிலிருந்து வருகிற மாதிரி இருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து என் முந்தானையே வெளுத்துவிட்டது. தண்ணீர் உப்புத்தான், ஆனால் குடித்துவிட்டு உயிரோடுதான் இருக்கிறேன். அப்புறம் கதவு. அதையும் சோதிக்க வேண்டுமே. நேற்று காலை, அண்ணன் வீட்டுக்குப் போகாமல், முன்பின் தெரியாத ஒரு தெருவுக்குப் போனேன். வழி கேட்கிற சாக்கில் ஒரு வீட்டின் கதவைத் தட்டினேன். உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. கதவருகே வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து இரண்டு தட்டு. அப்புறம் காலடி விலகிப் போய்விட்டது.

அம்மா, நீ அன்றைக்குச் சொன்னாயே, “கதவுக்கு அந்தப் பக்கமே வந்து நின்னா. திறக்கல. நாயை விரட்டுற மாதிரி உள்ளேருந்து ரெண்டு தட்டு தட்டினா” என்று. அதே தட்டு.

அடுத்த வீட்டிலும் அதே. அதற்கடுத்த வீட்டிலும் அதே. புத்தகம் சரியாகத்தான் எழுதியிருக்கிறது, ஊரே இப்படித்தான் என்று நோட்டில் குறித்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேன். மனசெல்லாம் கசப்பு. விடுதிக்காரம்மாவிடம் கேட்டேவிட்டேன், “உங்க ஊர்ல ஆளுங்களைக் கண்டா ஏன் இப்படி விரட்டுறீங்க?” என்று.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “யாரு விரட்டினது? ரெண்டு தட்டு தட்டினாங்களா இல்லையா?”

“தட்டினாங்க.”

“அப்புறம் ஏன் நீங்க பின்னால போகல?”

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊரில் எல்லா வீட்டின் முன்வாசலும் மலையைப் பார்த்து இருக்கிறது. காற்று மாதத்தில் முன்கதவைத் திறந்தால் வீடு முழுக்கச் சுண்ணாம்புதான். இடுக்கிலெல்லாம் சாக்கை அடைத்துவிடுகிறார்கள். வாய் திறந்து கூப்பிட்டாலும் காற்று இரைச்சலில் வெளியே கேட்காது. யாராவது தட்டினால் உள்ளேயிருந்து இரண்டு தட்டு தட்டுவார்கள். ‘கேட்டுச்சு, பின்பக்கமா வாங்க’ என்று அதற்கு அர்த்தம். தட்டிவிட்டு ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். நான் நேற்றுத் தட்டிய வீடுகளிலெல்லாம் யாரோ பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காக நின்றிருக்கிறார்கள். நானோ முன்னால் நின்று அவர்களைப் பற்றி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். தட்டினேன். காலடி வந்தது. இரண்டு தட்டு. வீட்டைச் சுற்றிக்கொண்டு சந்து வழியாகப் பின்னால் போனேன். அண்ணி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கல்யாணத்தில் பார்த்த முகம்தான், கொஞ்சம் இளைத்திருந்தது. “வா” என்றார்.

உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு அவரேதான் ஆரம்பித்தார். “அத்தையும் இப்படித்தான் தட்டினாங்க. அவங்கன்னு எனக்குத் தெரியாது. பதில் தட்டு தட்டிட்டுப் பின்னால வந்தேன். அந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு மெதுவாத்தான் நடக்க முடிஞ்சுது. கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னேன், நின்னேன், ஆளே வரல. ஜன்னல் கண்ணாடியில முகத்தை வெச்சுப் பார்த்தா அத்தை. தெரு முனையில முதுகு மட்டும் தெரியுது. கூப்பிட்டேன், காத்துல கேட்கல. பின்னாலேயே ஓட என்னால முடியல. என் வீட்டுக்குள்ள காலை வைக்கப் பிடிக்காமப் போறாங்கன்னு நெனச்சேன்.”

உனக்கு எத்தனை அவமானமாக இருந்ததோ அத்தனையும் அவருக்கும் இருந்திருக்கிறது. இரண்டு பேரும் கதவைத் தட்டியிருக்கிறீர்கள், இரண்டு பேரும் காத்திருந்திருக்கிறீர்கள். அண்ணனுக்கு அது தெரியவே இல்லை. கதவு என்றால் இந்த மாதங்களில் அவனுக்குப் பின்கதவுதான், நீயும் அங்கே வந்துதான் தட்டினாய் என்று நினைத்திருக்கிறான். ஏனென்றால் நீ சொன்ன அந்த இரண்டு தட்டை நான் அவனுக்கு எழுதவில்லை. அவன் மனசு நோகக் கூடாது என்று விட்டுவிட்டேன். எழுதியிருந்தால் அன்றைக்கே புரிந்துகொண்டு பஸ் ஏறி வந்திருப்பான். நேற்றுச் சொன்னதும் அவன் பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். அப்புறம் எழுந்துபோய் அந்தக் கதவையே தடவிக்கொண்டு நின்றான்.

எனக்கு அழுகை அழுகையாக வருகிறது. இதைப் படித்துவிட்டு உனக்கு எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் மகள்


ஜூலை 2

மகளுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மாத்திரை போடுகிறேன். ஜன்னலுக்குக் கீழே கிடந்தது போன வருஷத்து மாத்திரை.

நீ போனதிலிருந்து குழாய் ஒழுகுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து முறுக்கிவிட்டார், இப்போது இன்னும் அதிகமாக ஒழுகுகிறது. உன் பச்சைச் சேலைக்குக் கஞ்சி போட்டு வைத்திருக்கிறேன். தூசில் சுற்றாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கு ஒத்துக்கொள்ளாது.

நீ எழுதியதைப் படித்தேன். கதவு என்றால் திறக்க வேண்டும். தட்டினால் நான் என்னத்தைக் கண்டேன்? யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் அங்கே வெகுநேரம் நின்றேன் என்று அவளுக்குச் சொல். உடனே திரும்பிவிடவில்லை. வாயெல்லாம் மண்ணாகும்வரை நின்றேன்.

எட்டு மாத வயிற்றோடு எதற்கு முன்னாலும் பின்னாலும் நடந்தாளாம்?

அந்த வீட்டின் பின்பக்கம் போகிற சந்து வலப்பக்கமா இடப்பக்கமா, எழுது.

அம்மா


ஆகஸ்ட் 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

நான் உங்களுக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம். காற்று அடங்கிவிட்டது, சாக்கையெல்லாம் உருவித் துவைத்துப் போட்டாயிற்று. உங்கள் மூக்கு சரியானதா? அத்தைக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?

நேரில் சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிட்ட ஒன்றை எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்தால் உங்கள் அண்ணன் அதை எங்களுக்குச் சத்தமாகப் படிப்பார். முடிக்கும்போது, ‘அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்’ என்று படிப்பார். ஒன்பது வருஷமாக ஒரு கடிதத்திலும் அந்த வரி தவறியதில்லை. கல்யாணமாகி இரண்டாவது வருஷமே, சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் இருந்த உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். அந்த வரி அதில் இல்லை. அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அந்த வரி வருகிறபோது அவர் குரல் கொஞ்சம் வேகமாகும். அது எனக்குப் பழகிவிட்டது. அது இல்லாமல் கடிதம் முடிந்தால் எனக்கே என்னவோ போலிருந்திருக்கும்.

உங்களுக்கு அவர் எழுதுகிற கடிதங்களில் என்ன சேர்த்தார் என்று தெரியாது. நான் உங்களை விசாரித்ததாக எழுதியிருந்தால், மன்னிக்கவும், நான் விசாரித்ததில்லை. எனக்கும் கோபம் இருந்தது.

இப்போது விசாரிக்கிறேன். நன்றாக இருக்கிறீர்களா?

அண்ணி


செப்டம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

நன்றாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் இடுப்புவலி தேவலையா? குட்டிப்பெண் எப்படி இருக்கிறாள்? அண்ணனைக் கடைசியில்தான் விசாரிக்கப்போகிறேன், அந்தத் திருட்டு மனுஷனுக்கு அதுதான் தண்டனை.

உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரித்தேனா அழுதேனா என்று பக்கத்து மேசைக்காரிக்குத் தெரியவில்லை. எனக்கு வந்த ஒவ்வொரு கடிதத்திலும் நீங்கள் ‘மிகவும் விசாரித்தீர்கள்’. விசாரிக்கிறவள் என்றால் அம்மாவை ஏன் விரட்டினாள் என்று பல்லைக் கடிப்பேன். ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் வரி சேர்த்திருக்கிறான். சரிபார்ப்பது என் தொழில், அந்த வரிகளை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. வருஷாவருஷம் ‘முன்கதவில் சாக்கு அடைத்தோம்’ என்று அவன் எழுதியதையும் ஒரு சேதியாகப் படித்துவிட்டு விட்டுவிட்டேன்.

கையேட்டில் உங்கள் ஊரை ‘தவிர்க்க வேண்டியவை’யிலிருந்து எடுத்தாயிற்று. தூசும் உப்புத் தண்ணீரும் இருந்தபடியே இருக்கின்றன, அவை நிஜம். கடைசி வரியை மட்டும் மாற்றினேன்: ‘காற்று மாதங்களில் கதவைத் தட்டினால் உள்ளிருந்து இரண்டு தட்டுக் கேட்கும். திரும்பிவிடாதீர்கள். பின்பக்கம் உங்களுக்காக ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.’ “பயணக் கையேட்டுல இதெல்லாம் எதுக்கு?” என்றார் ஆசிரியர். “இது இல்லைன்னா மத்ததும் வேணாம்” என்றேன். என்னைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அச்சுக்குப் போகிற தாளை அம்மாவின் கண்ணில் படுகிற மாதிரி சாப்பாட்டு மேசையில் வைத்தேன். படித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் நேற்று பீரோ மேல்தட்டிலிருந்து போர்வையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். என்னம்மா என்றால், “பூச்சி அரிக்காம இருக்கப் போட்டேன்” என்கிறாள்.

நான் எதுவும் கேட்கப்போவதில்லை. நீங்களும் எதிர்பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

எலி


நவம்பர் 4

அன்புள்ள எலிக்கு,

இனி இப்படித்தான் கூப்பிடுவேன், நீயும் இந்தப் பேரிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டாய். இங்கே நாலு பேரும் நலம். நாலு என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பாய்.

வெள்ளிக்கிழமை இருட்டோடு அத்தை கிளம்பிவிட்டதாக நீ போனில் சொன்னதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. காற்றே இல்லாத மாதம் இது. எந்த வீட்டிலும் முன்கதவைச் சாத்துவதில்லை. நான் விடியற்காலையிலேயே கதவை அகலத் திறந்து, அது ஆடி மூடிக்கொள்ளாமலிருக்க அம்மிக் குழவியை முட்டுக்கொடுத்து வைத்தேன். வாசலைக் கழுவினேன். உன் அண்ணன் ஆலைக்கு லீவு போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார். பஸ் முன்னாலேயே வந்துவிட்டதோ என்னவோ, அத்தை அவர் கண்ணில் படாமல் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்கள்.

ஆட்டோ நின்றதை நான் கூடத்திலிருந்து பார்த்தேன். எழுந்து வாசலுக்கு வந்தேன். அத்தை இறங்கினார்கள். போர்வையை மடித்து மார்போடு பிடித்திருந்தார்கள். எதிரே கதவு அத்தனை அகலமாகத் திறந்திருக்கிறது, நான் நடுவில் நிற்கிறேன். அவர்கள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, விந்தி விந்தி, இடப்பக்கச் சந்துக்குள் திரும்பிவிட்டார்கள்.

“அத்தே, இந்தப் பக்கம்!” என்று கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிடவில்லை.

காற்று நின்றதிலிருந்து யாரும் பின்கதவைத் தொடவில்லை, தாழ்ப்பாள் போட்டே கிடந்தது. நான் கூடத்தைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. இரண்டு தட்டு.

அன்றைக்கு நடந்துதான் போக முடிந்தது. இந்தத் தடவை ஓடினேன். தாழ்ப்பாள் இறுகியிருந்தது, விரல் நசுங்கியது, திறந்துவிட்டேன்.

போர்வை குட்டிப்பெண்ணுக்கு முழங்கால்வரைதான் வருகிறது. அதற்குள்ளேயேதான் தூங்குவேன் என்கிறாள். உன் அண்ணன் பஸ் ஸ்டாண்டில் மத்தியானம்வரை நின்றுவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். கூடத்தில் அத்தை உட்கார்ந்து குட்டிப்பெண்ணுக்குத் தலைவாரிக்கொண்டிருந்ததைப் பார்த்து அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். “எழுந்து உள்ள வாடா, காத்தா அடிக்குது?” என்றார்கள் அத்தை. அவ்வளவுதான் பேச்சு.

அத்தை உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். இந்த வரியை உன் அண்ணன் சேர்க்கவில்லை. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுதுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணி